எட்டிலொன்றாய் வற்றிய ஸ்டவுட்

உடுப்பிட்டிப் புகையிலைத் தோட்டக்காரர் ஏரம்பு, ஐம்பது வயது வரையில் கள்ளைக்கூட வாயில் வைத்தறியாதவர். மலேரியாவில் எலும்பும் தோலுமாகிப் போனவருக்கு ஆசுபத்திரி டாக்குத்தர், "ரெண்டு கிழமைக்கு நாளுக்கொரு போத்தல் ஸ்டவுட் குடியும், தேறும்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டவுட் என்பது கறுப்புப் பியர் என்று ஏரம்புவுக்கு யார் சொன்னார்கள்? போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கறுப்பு, நுரை, ஒரே கைப்பு. இது கசாயமல்லாமல் வேறென்ன!

"வெள்ளைக்காரன் அவசரத்திலை அரைகுறையாக் காய்ச்சிப்போட்டான்" என்று மனைவி பராசக்தியிடம் நீட்டினார்.

பராசக்தி சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, தினமும் ஒரு போத்தலை எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சினாள். அடிப்பிடிக்காமல் இருக்க, ஆவி முகத்திலடிக்கச் சட்டிக்கு மேலேயே குனிந்து நின்று துழாவினாள். மிஞ்சிய தார்போன்ற குழம்பை ஏரம்பு மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினார். பத்தியமென்று கத்தரிக்காயையும் தள்ளிவைத்தார். உடம்பு துளியும் தேறவில்லை.

தேறியது பராசக்திதான். இருபது வருஷமாய்ச் சிடுசிடுத்தவள் அடுப்படியிலிருந்து பாடிக்கொண்டு வந்தாள். மாமியாரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். கொட்டிலில் நின்ற ஆட்டுக் கிடாயைக் கும்பிட்டு, "சுகமோ அண்ணை?" என்று கேட்டாள்.

இரண்டு கிழமை கழித்து டாக்குத்தர் நாடி பிடித்துப் பார்த்து, "உமக்கு உது ஒத்துவரேல்லை, நிப்பாட்டுவம்" என்றார்.

ஏரம்பு சந்தோஷத்தில் வாய் திறக்குமுன் பராசக்தி முந்திக்கொண்டாள்.

"நிப்பாட்டாதேங்கோ ஐயா! இவருக்கு ஒரு போத்தல் காணாது. ரெண்டாய் எழுதுங்கோ, காய்ச்சிறதுக்கு நான் இருக்கிறன்."