சிவம் அண்ணையின் இரண்டாவது கமரா

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுவிஸின் வில் நகரத்தில் பல் வைத்தியரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தெரியாத இலக்கம். "வணக்கம் மாமா. நான் கமரா சிவத்தின்ர மகள் நிருஜா. அப்பா நேற்றுப் பின்னேரம் காலமாயிட்டார். அவற்ர ஃபோனில உங்கட பேர் 'ஹெல்மெற் ரவி' எண்டு கிடந்தது. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அறிவிக்கவேணும் எண்டு நினைச்சன்." வாசித்துவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் வைத்தேன். உள்ளே கூப்பிட்டார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் பதில் எழுதினேன்.

எனக்கும் அவருக்கும் பெரிய நெருக்கம் இருந்ததென்று சொன்னால் அது பொய். ஒரே ஒரு கோடையில் சேர்ந்து வேலை செய்தோம். அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் அவருடன் கதைக்கவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட அவரை நன்றாகத் தெரியும். உங்கள் கலியாண வீடியோக் கசெற் அவர் எடுத்ததாக இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் மாமன் மச்சானையெல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து நிற்கும் அந்த மெல்லிய மனிதரை மறந்திருக்கமாட்டீர்கள். கசெற் எப்போது வரும் என்று கேட்டால் "எடிட்டிங் நடக்குது" என்பார். முதல் பிள்ளை பிறந்த பிறகு கலியாணக் கசெற் கைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அஞ்சலி எழுதும் இடத்தில் இதை ஏன் கிளறுகிறான் என்று நினைக்கவேண்டாம். காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணி இருந்தது. நாங்கள் ஊரில் விளையாடிய உதைபந்து அல்ல. உரித்த தேங்காய் போன்ற பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் மோதி விழுத்துவதும்தான் அந்த விளையாட்டு. தோளில் பட்டை, தலையில் கம்பி வைத்த ஹெல்மெற். சுவிஸ் இளைஞர்கள் பொழுதுபோக்காக விளையாடிவந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வியாபாரி ஒருவருக்கு அதில் ஆசை வந்து, ஒரு பருவத்துக்கு எல்லோருக்கும் சம்பளம் போட்டு அதைத் தொழில்முறை அணியாக்கினார். ஓஹாயோவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். அவருடன் இரண்டு அமெரிக்க வீரர்கள். களத்தில் இரண்டு அமெரிக்கர்களுக்கு மேல் இறக்கக்கூடாது என்பது விளையாட்டுச் சங்கத்தின் சட்டம். உடுப்புத் தோய்ப்பதும் ஹெல்மெற் துடைப்பதும் வார இறுதியில் என் வேலை. படம் எடுக்க ஆள் வேண்டுமென்று பயிற்சியாளர் கேட்டபோது சிவம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

அவருக்கு அந்த வேலை விளையாட்டல்ல. மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு, முழு வருட வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கன்டோன் குடிவரவு அலுவலகத்தில் காட்டவேண்டும். கலியாண வீடுகளில் படம் எடுப்பதை அந்த அலுவலகம் வேலையாகவே மதிக்கவில்லை. வியாபாரி எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருந்தார்: அணி இறுதிப் போட்டிக்குப் போனால் அடுத்த வருடமும் நடத்துவேன், உங்கள் எல்லோருக்கும் முழு வருட ஒப்பந்தம். சிவம் அண்ணை அந்த வசனத்தை ஜெர்மனில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

முதல் போட்டி முடிந்ததும் பயிற்சியாளர் திங்கட்கிழமை கசெற் வேண்டும் என்றார். "மூண்டு மாசம் செல்லும் எண்டு சொல்லும்," என்றார் சிவம் அண்ணை. நான் மன்றாடி, எடிட்டிங் இல்லாமலே வாங்கிக்கொண்டு போனேன். உடைமாற்றும் அறையில் முழு அணியும் உட்கார்ந்து பார்த்தது. முதலில் திரை நிறையப் பிள்ளையார் வந்தார். எந்தக் கசெற்றையும் அவர் பிள்ளையார் படத்துடன்தான் தொடங்குவார். அதன் பிறகு முகங்கள். வியர்வை துடைக்கும் முகம், தண்ணீர் குடிக்கும் முகம், பார்வையாளர் வரிசையில் ஒரு தாய், அவள் மடியில் ஒரு குழந்தை, பொரித்த சொசேஜ் தின்னும் ஒரு கிழவர். எங்கள் ஆள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்த நேரத்தில் கமரா, ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவனின் கண்ணில் நின்றது.

பயிற்சியாளர் எழும்பிக் கத்தினார். இருபத்திரண்டு பேரும் ஒரே படச்சட்டத்துக்குள் தெரியவேண்டும், யார் எங்கே நின்றான் எங்கே ஓடினான் என்று தெரியவேண்டும், முகத்தை வைத்து நான் என்ன செய்வது என்றார். நான் மொழிபெயர்த்தேன். சிவம் அண்ணை நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி நிக்கினம். முகத்தைக் காட்டாட்டி ஆர் வந்தது ஆர் வராததெண்டு பிறகு என்னெண்டு தெரியும்?" அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த வாரத்திலிருந்து மைதான விளக்குகளைத் திருத்தும் லிஃப்ற்றில் அவரை ஏற்றிவிட்டார்கள். உயரம் அவருக்குப் பயம். இடுப்பைக் கயிற்றால் கம்பியோடு கட்டிக்கொண்டு, கமராவுக்குப் பிளாஸ்ரிக் பை சுற்றிக்கொண்டு, மழையிலும் அசையாமல் எடுத்தார். இருபத்திரண்டு பேரும் தெரிந்தார்கள். ஆனால் இடைவேளையில் கீழே இறங்கி, தன் சொந்தக் கலியாணக் கமராவை எடுத்துக்கொண்டு முகங்களைத் தேடிப் போவார். அந்தக் கசெற்றைப் பயிற்சியாளருக்குக் காட்டுவதில்லை. நாற்பத்துநாலாம் இலக்க வீரன் மார்க்குஸின் தாய் ஒவ்வொரு போட்டிக்கும் முன்வரிசைக்கு வருவார். அவருக்கு மாத்திரம் பிரதி எடுத்துக் கொடுப்பார். அணி வெல்லத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் பிள்ளையாரை விட்டுவிட்டார். "யானை எங்கே?" என்று பயிற்சியாளரே கேட்டார். அந்தப் பருவத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்த நாள் எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

அரையிறுதிக்கு முந்தின வாரம் மார்க்குஸுக்கு முழங்கால் போய்விட்டது. போட்டி நாள் காலையில் பயிற்சியாளர் என்னைப் பொருட்கள் வைக்கும் கொண்டெய்னருக்குப் பின்னால் கூப்பிட்டார். அங்கே புதிதாக, மூன்றாவது அமெரிக்கன் ஒருவன் நின்றான். ஜெர்மனியில் வேறெங்கோ விளையாடிக்கொண்டிருந்தவன், பயிற்சியாளரின் சினேகிதன். நாற்பத்துநாலாம் இலக்கச் சட்டையைக் கொண்டுவா என்றார். நான் கொண்டுபோனேன். என் கையாலேயே தோள் பட்டைக்கு மேலால் இழுத்து மாட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு விருப்பம்தான். தெரிந்துதான் செய்தேன்.

இடைவேளையில் அவன் கொண்டெய்னருக்குப் பின்னால் வந்து ஹெல்மெற்றைக் கழற்றித் தண்ணீர் குடித்தான். சட்டை தோளில் கிழிந்திருந்தது, நான் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே சிவம் அண்ணை, கண்ணில் இரண்டாவது கமரா. "எடுக்காதையுங்கோ!" என்று சொல்லிக்கொண்டு கையால் கமராவை மறைத்தேன். அவர் திரும்பிப்போய் லிஃப்ற்றில் ஏறினார். நாங்கள் வென்றோம். வியாபாரி எல்லோரையும் கட்டிப்பிடித்தார். சிவம் அண்ணையையும்தான்.

எதிரணிக்குச் சந்தேகம் வந்து முறைப்பாடு செய்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் போட்டியின் படத்தைத் தரும்படி சங்கம் கேட்டது. மேலிருந்து எடுத்த கசெற்றில் நாற்பத்துநாலு என்ற இலக்கமும் ஒரு ஹெல்மெற்றும் மட்டும்தான் தெரியும். அதை மட்டும் கொடுத்தால் முறைப்பாடு அத்துடன் முடிந்துவிடும். இரண்டாவது கசெற் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். ஷ்லீரன் ஸ்ரேஷனில் அவரைப் பிடித்துவைத்துக் கதைத்தேன்.

"அப்பிடி ஒரு கசெற் இல்லையெண்டு விடுங்கோ அண்ணை. பிள்ளை வரவேணுமெல்லோ?"

"ஓம், வரவேணும்."

"பிறகென்ன?"

அவர் கமராப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "மாப்பிள்ளையை மாத்தி வச்சுக் கலியாணம் நடந்தால், அந்தக் கசெற்றை நான் எந்த வீட்டில கொண்டுபோய்க் குடுக்கிறது, ஐசே? மார்க்குஸின்ர தாய் என்னட்டைக் கேப்பா. இது உங்கட மகன் எண்டு சொல்லிக் குடுக்கிறதோ?"

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு ரயிலேறினேன்.

அவர் இரண்டாவது கசெற்றைக் கொடுத்துவிட்டார். அணி விலக்கப்பட்டது. பயிற்சியாளர் ஊருக்குப் போனார், வியாபாரிக்கு ஆசை தீர்ந்தது, இலை உதிரும் காலத்தில் அணியே இல்லை. ஒப்பந்தமும் இல்லை. மனைவியும் மகளும் வந்து சேர மேலும் நான்கு வருடம் ஆனது. சூரிச் விமான நிலையத்தில் ஏழு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு "இவர் ஆர்?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் அவருடன் கதைக்காமல் விட்டது அந்தப் பிள்ளைக்காக இரங்கி அல்ல. வெளியில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். உண்மையில் எனக்கு என்னைப் பற்றித்தான் பயம். அப்போது என் அகதி வழக்கு முடிவாகவில்லை. ஏமாற்று வேலைக்கு உதவியவன் என்று ஒரு கடிதத்தில் என் பெயர் வந்தால் வேலையும் போகும், இருக்கிற அனுமதியும் போகும். அந்தக் கசெற்றில் என் முகமும் கையும் கிடப்பது எனக்குத் தெரியும். மாதக்கணக்காக, வந்த தபாலையெல்லாம் பெட்டியடியில் நின்றே கிழித்துப் பார்த்தேன். அப்படியொரு கடிதம் வரவில்லை. உடுப்புத் தோய்க்கிறவனை யார் கணக்கில் எடுப்பது என்று ஒரு கட்டத்தில் நானே முடிவுசெய்துகொண்டேன். பிற்காலத்தில் கலியாண வீடுகளில் அவர் கமராவை என் பக்கம் திருப்பினால் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை கிட்ட வந்து, "முகத்தை மறைக்காதையும் ரவி, பிறகு நீர் வந்ததே தெரியாமல் போயிடும்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

இறுதிக் கிரியைக்குப் போயிருந்தேன். தேவாரம் முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது நிருஜா என்னைத் தேடி வந்தார். பூம்ப்ளிஸ் என்ற ஊரில் குடும்பத்துடன் இருக்கிறார், வேலை மருந்தகத்தில். தகப்பனின் கசெற்றுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"ஒரு பெட்டியில ரெண்டு கசெற் கிடந்தது மாமா. அதைக் கண்டாலே அம்மாவுக்குக் கோவம். எறியச் சொல்லுவா, அப்பா எறியேல்லை. ஒண்டு முழுசு. மற்றது சங்கம் திருப்பி அனுப்பினது, கவரோட அப்பிடியே கிடந்தது. ரெண்டும் ஒரே படம்தான். ஆனா சங்கத்துக்குக் குடுத்தது நீளம் கொஞ்சம் கட்டை."

ஃபோனில் இரண்டையும் காட்டினார். சங்கத்துக்குக் கொடுத்ததில் முதலில் பிள்ளையார். பிறகு அந்த அமெரிக்கன் வருகிறான், ஹெல்மெற்றைக் கழற்றுகிறான், தண்ணீர் குடிக்கிறான், நாற்பத்துநாலு என்ற இலக்கமும் முகமும் தெளிவாகத் தெரிகின்றன. அத்துடன் முடிகிறது. முழுக் கசெற்றில் அது முடியவில்லை. கமரா கொஞ்சம் இடப்பக்கம் திரும்புகிறது. வாயில் ஊசியுடன் ஒரு மெலிந்த தமிழன் நிமிர்ந்து பார்க்கிறான். ஒரு கை வந்து திரையை மூடுகிறது.

"இந்தக் கை ஆற்ர எண்டு அம்மாவுக்கும் தெரியேல்லை," என்றார் நிருஜா.

"என்ர," என்றேன்.

அவர் ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்தது எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன். சட்டையைக் கொண்டுபோனதையும், ஸ்ரேஷனில் சொன்னதையும், நான்கு வருடம் கதைக்காததையும். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் அழவில்லை. "என்னைக் கூப்பிடுறதை விட்டுக்குடுத்தவர், உங்களை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்," என்றார். அந்தக் குரலில் கோபமா ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

அன்று பின்னேரம் இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பிவைத்தார். முழுப் படத்தை நான் திரும்பப் பார்ப்பதில்லை. மற்றதை, என் கை வருவதற்கு முன்னால் முடிகிற அந்தப் படத்தைத்தான், அவர் ஞாபகமாக வைத்திருக்கிறேன். வேலை, அனுமதி, வீடு, பிள்ளைகள் என்று இந்த நாட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த வெட்டுக்குப் பிறகு கிடைத்தவை. சங்கம் கேட்ட திங்கட்கிழமைக்குள் அதை முடித்திருக்கிறார். சிவம் அண்ணை சொன்ன நாளில் முடித்துக்கொடுத்த ஒரே எடிட்டிங் அதுவாகத்தான் இருக்கும்.