பூதக்கண்ணாடியின் முதல் மேமோகிராம்

தையல் ஆலையில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. எங்காவது ஒரு தையல் தவறியிருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். குறி போடாமல் ‘எங்கேயோ சரியில்லை’ என்று அனுப்புகிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது.

ஐம்பதாவது வயதில், குளிக்கும்போது இடது மார்பின் அடியில் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பத்து நாள் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தாள். அது போகிற வழியாக இல்லை. பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மேமோகிராம் படம் எடுக்கிற பெண் பார்க்க ஒல்லி. பிடி மட்டும் மூட்டை தூக்குகிறவர்களின் பிடி.

“பவுடர், சென்ட் ஏதாவது போட்டிருக்கீங்களா அக்கா?”

“இந்த வயசுல யாருக்காகம்மா?”

மார்பை அழுத்திப் பிடிக்கிற இயந்திரத்தின் மேல் தட்டு இறங்கியது.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க.”

“நான் வந்துட்டேன். அதுதான் வரமாட்டேங்குது.”

“மூச்சை அடக்குங்க.”

“நீ அழுத்துற அழுத்துக்கு அது தானா நின்னுடும்.”

ஆலையில் காலரை அழுத்துகிற இயந்திரம்கூட இவ்வளவு வன்மம் வைத்து அழுத்தியதில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. இடது பக்கப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவாம். அடுத்த வாரம் மறுபடி வர வேண்டுமாம். இன்னொரு படம், ஒரு ஸ்கேன்.

மறுபடி வருவது என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? அவள் மேசைக்கு இரண்டாம் முறை வரும் சட்டைகளில் பாதி கழிவுக் கூடைக்குத்தான் போகும். அந்த ஒரு வாரமும் லாரி ஓட்டுகிற கணவன் “ஒண்ணும் இருக்காது” என்று நாளைக்கு நாற்பது தடவை சொன்னான்.

“நீ என்ன டாக்டரா?”

“இல்ல.”

“அப்ப வாயை மூடு.”

மூடிக்கொண்டான். அது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

இரண்டாம் முறையும் அதே ஒல்லிப் பெண்தான். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மார்பின் அடி மடிப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு பெருக்கல் குறி.

“என்னக்கா இது?”

“கட்டி இருக்கற இடம். நீங்க தேடித் திணற வேணாமேன்னு போட்டேன்.”

“போன தடவையுமா?”

“பின்னே? அது வேர்வையில கலைஞ்சிருக்கும். இன்னிக்கு அழுத்திப் போட்டிருக்கேன்.”

“எதால?”

“சாக்பீஸால.”

அந்தப் பெண் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அந்தப் புள்ளியெல்லாம் சாக்பீஸ் தூளா இருக்கும்க்கா! நான் கேட்டப்பவே சொல்லக் கூடாதா?”

“நீ அலங்காரத்தைக் கேட்ட. இது வேலைச் சாமான்.”

ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் நினைவு வந்தது: தூள் போய்விட்டது, பட்டாணி அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைக் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது குறை தேடுகிற பார்வை என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும்.

“நீர்க்கட்டிம்மா. உள்ள வெறும் தண்ணி. பயப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் வந்து படம் எடுத்துக்குங்க. நடுவுல பெருசானாலோ வலிச்சாலோ உடனே வாங்க.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“மூணு தடவை பாத்தேன்.”

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் இன்னொருவர் சரிபார்த்ததை அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

வெளியே, கூட வந்திருந்த கணவனைக் காணவில்லை. தேடிப் போனால், பதற்றத்தில் இடம் மாறி, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற அறை வாசலில், அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பிள்ளைகளைவிடச் சத்தமாக அழுதான். ஒரு குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு அவனை வேடிக்கை பார்த்தது.

“ஊசி உனக்கா போட்டாங்க?” என்றாள் அவள், அவன் தோளைப் பிடித்துத் தூக்கியபடி. “எழுந்திரு. எனக்கு அகோரமாப் பசிக்குது.”