பேஷன்ஸும் பேஷன்ட்ஸும்

பல் டாக்டரின் கிளினிக்கில் ஒன்பது வருடங்களாக டோக்கன் கொடுப்பவருக்கு 'டிக்‌ஷனரி அக்கா' என்று பெயர். வைத்தது அங்கே இருக்கும் நர்ஸ். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்குப் பதில் அதன் பக்கத்து வீட்டு வார்த்தையை யாராவது போட்டுவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

வீட்டிலும் நிம்மதியில்லை. சாவியைத் தொலைத்துவிடாதே என்று கணவர் ஒருநாள் ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினார். ஒரு 'ஓ' போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டு, அது லூஸ் ஆகிவிட்டது. "இதுல யாருங்க லூசு?" என்று அக்கா பதில் அனுப்பினார். அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் அக்காவின் உயிரை வாங்கியது கிளினிக் சுவர்தான். காத்திருப்பவர்கள் பொறுமை காக்கவேண்டும் என்று டாக்டர் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பொறுமைக்கான பேஷன்ஸ் விழவேண்டிய இடத்தில் பேஷன்ட்ஸ் விழுந்திருந்தது. தயவுசெய்து நோயாளிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அக்கா மூன்று முறை சொல்லப் போனார். பேஷன்ட் நிறைய இருக்காங்க, அப்புறம் பேசலாம் என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை, கன்னம் வீங்கி வந்த பஸ் கண்டக்டர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எத்தனை பேர வெச்சுக்கணும்? எங்க வீட்ல ரெண்டு ரூம்தான்."

மொத்த வரிசையும் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அவருக்கு வலி கூடியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். சத்தம் கேட்டு வந்த டாக்டரிடம் விஷயத்தை அக்காதான் சொல்லவேண்டியிருந்தது. அவர் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மறுநாள் புதுப் பலகை வந்தது. ஆங்கிலச் சகவாசமே வேண்டாமென்று டாக்டர் தமிழில் எழுதியிருந்தார்: 'பொருமையாகக் காத்திருக்கவும்.' பெரிய 'று' வரவேண்டிய இடத்தில் சின்ன 'ரு'. காத்திருப்பவர்கள் உள்ளுக்குள் பொருமவேண்டியதுதான். நர்ஸ் ஆணியும் சுத்தியலுமாகத் தயாராக நின்றாள்.

இந்த முறை அக்கா காத்திருக்கவில்லை. பலகையைப் பிடுங்கிக்கொண்டு நேராக உள்ளே போய், 'ரு'வின் மேல் விரலை வைத்து டாக்டர் முன்னால் நின்றார். வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த பேஷன்ட் தலையைத் திருப்பிப் படித்துவிட்டு, அக்கா பக்கம்தான் நியாயம் என்பதுபோல் தலையாட்டினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றி, தன் பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதிடுங்கம்மா."