ஜியா பாயின் முப்பது பேர்

ஹாரன் அடிப்பதில்லை ஜியாவுதீன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். காலை ஐந்தேகாலுக்குத் திருப்புட்குழிப் பள்ளிக்கூட வாசலில் கம்பெனி பஸ்ஸை நிறுத்துகிறார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "திரிஷா! மணியம்மா! ஜல்தி வாம்மா, வண்டி உறுமிக்கினு இருக்குது பாரு!" என்று குரல் கொடுக்கிறார். தெருக்கோடி வரை கேட்கும் குரல். எதிர்வீட்டில் குடியிருக்கிற எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

வயது ஐம்பத்து மூன்று. வீடு காஞ்சிபுரம் ஒலிமுகம்மதுபேட்டையில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் வயர் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு, சுற்றுவட்டாரப் பெண்களை ஏற்றிப் போவதும் கொண்டுவந்து விடுவதும் ஒன்பது வருஷமாக அவர் வேலை. நாற்பத்தொரு பெண்கள். யார் எந்த சீட்டில் உட்காருவாள், யாருக்கு வளைவில் வாந்தி வரும், யார் யாரோடு இந்த வாரம் பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் செல்போன் எண்தான் தெரியாது. கேட்டால், "உங்க நம்பரச் சொல்லுங்க டீச்சர், நான் அடிக்கிறேன்" என்பார்.

வாந்தி வருகிறவர்களுக்காகச் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். பாட்டுச் சண்டையைத் தீர்க்க ஒரு சட்டமும் போட்டிருக்கிறார்: போகும்போது இடது பக்க சீட்டுக்காரர்கள் கேட்பது, வரும்போது வலது பக்கத்துக்காரர்கள் கேட்பது. "எனக்கு எந்தப் பாட்டும் வேணாம்பா. நீங்க கத்துறதே போதும்" என்று சலித்துக்கொள்வாராம். ஆனால் பஸ்ஸில் யாரும் பேசாமல் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, "இன்னா ஆச்சு?" என்று திரும்பிப் பார்ப்பாராம். இதைச் சொன்னவள் கிரேஸ். முசரவாக்கத்துப் பெண், அந்த நாற்பத்தொரு பேருக்கும் வாட்ஸாப் குழு நடத்துகிறவள்.

கொரோனா இரண்டாம் அலையில் தொழிற்சாலையை மூடினார்கள். பஸ் காஞ்சிபுரம் ஷெட்டில் நின்றது. "பேட்டரி செத்துடும்" என்று தினமும் விடிகாலையில் போய் எஞ்சினைப் போட்டு, காலி சீட்டுகளுக்கு முன்னால் அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்தார். பேட்டரிக்குப் பத்து நிமிஷம் போதும் என்று ஷெட் வாட்ச்மேன் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை, கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை கதவு திறக்கிறது. தடுப்பூசி ஒரு டோஸாவது போட்டுக்கொண்டதற்குச் சான்றிதழ் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. டிரைவருக்கும் அதே விதி. ஒரு வழித்தடத்தில் முப்பது பேராவது சேர்ந்தால்தான் பஸ் ஓடும். இல்லையென்றால் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு வந்து வேறு பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும். விடிவதற்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு எந்த வண்டியும் கிடையாது. பஸ் நின்றால் திருப்புட்குழியிலும் முசரவாக்கத்திலும் எத்தனை வீட்டில் "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்லயே இரு" என்று சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிரேஸ் கணக்கெடுத்தாள். ஊசி போட்டவர்கள் பதினொரு பேர். இன்னும் பத்தொன்பது பேர் வேண்டும். ஊசிக்கோ எங்கும் தட்டுப்பாடு. காஞ்சிபுரத்தில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்களே அதிகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிராம நர்ஸ் கமலாட்சி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மறுநாள் இங்கே முகாம், பத்து குப்பி வருகிறது, நூறு பேருக்குப் போடலாம் என்றார். டோக்கன் கொடுத்துப் பெயர் பதிகிற வேலை எனக்கு. உடனே ஜியாவுதீனுக்குப் போன் செய்தேன்.

"நூறா டீச்சர்? நூறா? இருங்க, இருங்க, செருப்பு மாட்டிக்கினு பேசறேன்!" என்றார். எதற்குச் செருப்பு என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கம்பெனியின் போக்குவரத்து மேற்பார்வையாளர் ஜெபகுமாரிடம் கேட்டாராம். "முகாமுக்கெல்லாம் வண்டி தர முடியாது பாய். ஆனா ரெண்டு மாசம் நின்ன வண்டி, ரூட்ல ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும் இல்ல? ஓட்டிப் பாருங்க" என்றாராம் அவர். ஜியாவுதீனும் ஓட்டிப் பார்த்தார். வீடு வீடாக நிறுத்தி, பெயர் பெயராகக் கூப்பிட்டு ஓட்டிப் பார்த்தார்.

ஒன்பது மணிக்குப் பஸ் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது என் மேஜையில் இருபது டோக்கன்தான் பாக்கி. கதவு திறந்ததும் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொள்ளாத பெண்கள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணெல்லாம் சிரிப்பு. கிரேஸ் படியில் நின்று எண்ணினாள். "பத்தொம்போது! டீச்சர், சரியா பத்தொம்போது! பாயோட சேத்து இருபது!"

அந்த நேரத்தில்தான் பட்டம்மாள் ஓடிவந்தார். திரிஷாவின் அம்மா. வீட்டில் இருந்தபடி நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவர். கையில் நூல் ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்லாம ஏறிக்கினு வந்துட்டியா? வாடி வூட்டுக்கு!"

"ம்மா, வேல போயிடும்மா..."

"போவட்டும்! பக்கத்து வூட்டு துரைக்கண்ணு ஊசி போட்டு எட்டாம் நாளு போயிட்டாரு. நூலு அறுந்தா முடிச்சுப் போடுவேன். நீ போனா நான் இன்னாத்த முடிச்சுப் போடறது?"

துரைக்கண்ணுவுக்கு நெஞ்சுவலி பத்து வருஷமாக இருந்தது என்று கமலாட்சி எடுத்துச் சொன்னார். பட்டம்மாள் காதில் வாங்கவில்லை. ஜியாவுதீன் பக்கம் திரும்பினார்.

"ஏம் பாய், ஊர்ப் பொண்ணுங்கள எல்லாம் ஏத்திக்கினு வந்தியே. நீ போட்டுக்கினியா?"

ஏப்ரல் மாதத்திலிருந்தே அவர் வயதுக்காரர்களுக்குப் போடுகிறார்கள்.

"இல்லம்மா" என்றார். எப்போதும் தெரு முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் அப்போது எங்கள் நாலு பேருக்குத்தான் கேட்டது. "மே மாசம் எங்க அண்ணன் இம்ரான நான்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்துனேன். பொட்டலமா கட்டிக் குடுத்தாங்க. மூஞ்சியக்கூட பாக்கல. அதுலேர்ந்து ஆஸ்பத்திரி வாசன வந்தாலே எனக்குக் காலு ஆடுதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

பட்டம்மாள் மகளின் கையை விடவில்லை.

"ஒண்ணு பண்ணலாம். இங்கியே உக்காரு" என்றார் ஜியாவுதீன். "மொத ஊசி எனக்கு. அரை மணி நேரம் என் மூஞ்சியவே பாத்துக்கினு இரு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா உம் பொண்ணு போட்டுக்கட்டும். எதுனா ஆச்சுன்னா கூட்டிக்கினு போயிடு."

இதற்குள் வெளியிலிருந்து ஆட்கள் டோக்கன் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். நூறாவது டோக்கனை எடுத்து நோட்டுக்கு அடியில் வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, தீர்ந்துவிட்டது என்றேன். இருபது வருஷ வாத்தியார் வேலையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்தவர், "வலது கையில போடுங்கம்மா. இடது கை கியருக்கு வேணும்" என்றார். கால் உண்மையிலேயே ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சீட்டு வரிசையைச் சொல்லத் தொடங்கினார். "மொத சீட்டு கிரேஸு, பக்கத்துல மணியம்மா, ரெண்டாவது நாஸியா, அவ பக்கத்துல..." பெண்கள் சிரிக்கவில்லை. தங்கள் பெயர் வரும்போது ஒவ்வொருத்தியும் "இருக்கேன் பாய்" என்றாள். பதினேழாவது பெயரில் கமலாட்சி, "எப்பவோ போட்டாச்சு, எழுந்திரிங்க" என்றார்.

பிறகு அந்த அரை மணி நேரம். ஒரு பெஞ்சில் ஜியாவுதீன், எதிர் பெஞ்சில் பட்டம்மாள். ஒருபக்கம் மற்றப் பெண்கள் வரிசையில் போட்டுக்கொள்ள, பட்டம்மாள் கண்ணை எடுக்காமல் ஜியாவுதீன் முகத்தையே பார்த்தார்.

"தல சுத்துதா?"

"நீ இப்பிடி மொறச்சா யாருக்கும் சுத்தும்மா."

"நெஞ்சு?"

"நெஞ்சு பசிக்குது. காலையில ஒண்ணும் துன்னல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டம்மாள் சிரிக்கவில்லை. அரை மணி முடிந்ததும், "எழுந்து நட" என்றார். நடந்தார். "ஓடு" என்றார். வேப்பமரத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓடி வந்தார் அந்தக் கனத்த மனிதர், லேசாக மூச்சு வாங்க. "வண்டி ஓட்டு, பாக்கறேன்." பதினெட்டு பெண்களும் கைதட்ட, ஜியாவுதீன் பஸ்ஸில் ஏறி மைதானத்தை இரண்டு முறை வட்டமடித்து, புழுதி பறக்க, பட்டம்மாள் காலடிக்கு ஒரு முழம் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினார்.

பட்டம்மாள் மகளின் கையை விட்டார். திரிஷா ஓடிய ஓட்டத்தில் நாற்காலி சாய்ந்தது. நோட்டுக்கு அடியிலிருந்து நூறாவது டோக்கனை எடுத்து நீட்டினேன்.

டோக்கன் கிடைக்காதவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். கமலாட்சி கடைசிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல இன்னும் ஒருத்தருக்கு வரும் போல இருக்குதே" என்றார். பட்டம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரும் இல்லன்னா இன்னா பண்ணுவீங்க?"

"கீழதான் ஊத்தணும்."

"ஊத்துவீங்களா? நல்லா இருக்குதே!" என்று கையிலிருந்த நூலைத் தட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "போடு எனக்கு."

சாயங்காலத்துக்குள் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாகப் போனில் வந்து விழுந்தன. ஒவ்வொன்று வரும்போதும் கிரேஸ் குழுவில் எண்ணைப் போட்டாள். இருபத்தொன்பதில் அரை மணி நேரம் நின்று எல்லாரையும் சாகடித்தது. ஏழரை மணிக்கு முப்பது. ஜியாவுதீன் எனக்குப் போன் செய்து, "முப்பது டீச்சர்! முப்பது! காய்ச்சல் அடிக்குது, ரொம்ப சந்தோஷமா இருக்குது!" என்றார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே வாசலில் நின்றேன். பஸ் வந்தது. யாரோ முகப்புக் கண்ணாடிக்குச் சாமந்திச் சரம் கட்டியிருந்தார்கள். அவர் கூப்பிடுவதற்கு முன்பே பெண்கள் தயாராக நின்றார்கள். பட்டம்மாளும் வந்திருந்தார், மகளை ஏற்றிவிட. பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் உள்ளே ஒரே கூச்சல். போகும்போது யார் பாட்டு என்று அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

தண்ணீர் பாட்டிலை நிரப்ப இறங்கியிருந்த ஜியாவுதீன் திரும்பி வந்தார். டிரைவர் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தவர், அந்தக் கூச்சலைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலைக் கீழே இறக்கி, இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே ஏறினார்.