கூடாரத்தை மேட்டுக்கு மாற்றிய மதியம்

என் மனைவி இறந்து ஏழு மாதம் வரை அவளுடைய தம்பி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பதினாறாம் நாள் பந்தல் பிரிக்கும்போது "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அவன் வீடு திருமுல்லைவாயிலில், என் வீடு பட்டாபிராமில். ரயில் ஏறினால் கால் மணி நேரம். நானும் போகவில்லை.

அவன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்ன அன்று மாலை அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "வண்டி வாசல்லதான் கீது மாமா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடலாம்" என்றான். "வெறும் வாயுடா, ஓமத் தண்ணி குடிச்சிருக்கேன்" என்றாள் அவள். நான், "காலையில பார்க்கலாம்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு லோடு ஏற்றுகிறான். நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தேன், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினேன், இங்கேயே தங்கிவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவனிடமிருந்து போன் வந்தது.

"இன்னா மாமா, சனிக்கிழமை சும்மாதான கீற?"

"சும்மாதான்பா இருக்கேன்."

"ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா பார்டர்ல ஒரு காடு கீது. ஓடை ஓரமா டென்ட் போட்டு தங்கலாம். கம்பெனி பசங்க போய்ட்டு வந்தாங்க. டென்ட்டும் அவுங்களே தராங்க. வா, ஒரு நாள் இருந்துட்டு வரலாம்."

இந்த வயதில் எனக்கு எதற்கு டென்ட் என்று வாய் வரை வந்தது. கேட்டால் அப்படியே போனை வைத்துவிடுவானோ என்று பயந்து, "வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டியோடு வந்தான். ஹாரன் அடித்தானே தவிர இறங்கவில்லை. நான் பையோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியபாளையம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே இட்லி சாப்பிட்டோம். "சட்னில உப்பு தூக்கல்" என்றான். ஆமாம் என்றேன். ஊத்துக்கோட்டை தாண்டியும் அவ்வளவுதான் பேச்சு.

செக்போஸ்ட்டில் பெயர் எழுதிக்கொடுத்து, மண் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் ஓடை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. முழங்காலளவு தண்ணீர், உருண்டைக் கற்கள், இரண்டு கரையிலும் மருத மரங்கள். கூடாரம் போட நாலைந்து இடங்களைச் செதுக்கிச் சமமாக்கி வைத்திருந்தார்கள். கல் அடுக்கிய அடுப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்தது. அன்று எங்களைத் தவிர யாருமில்லை. காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் மட்டும் மேட்டில் ஒரு ஓலைக் கொட்டகையில் இருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார்.

தண்ணீருக்கு ஆக அருகில் இருந்த இடத்தை மச்சான் பிடித்தான். "சத்தம் கேட்டுகினே படுத்துக்கலாம்" என்றான். டென்ட்டை விரித்ததும் எது கூரை, எது தரை என்று இருவருக்கும் விளங்கவில்லை. அவன் ஒரு பக்கம் குச்சியை வளைத்தால் மறு பக்கம் பிடுங்கிக்கொண்டது. நான் குச்சிகளை எல்லாம் தரையில் பரப்பி, எது எதோடு சேரும் என்று பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினேன். "ஃபிட்டர்னா ஃபிட்டர்தான்" என்று லேசாகச் சிரித்தான். ஏழு மாதத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் சிரிப்பு அப்படியே அவனுக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சோறு வடித்து, முட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இரண்டு மணி இருக்கும். எங்களுக்கு மேலே வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மலைப் பக்கம் கறுத்திருந்தது. காவலாளி இறங்கி வந்தார். மலையைக் கைகாட்டி, "பைன வான, சார். மேல மழை பெய்யுது. டென்ட்டை எடுத்து மேட்டுக்கு வந்துருங்க" என்றார்.

மச்சான் அண்ணாந்து பார்த்தான். "இங்க ஒரு தூறல்கூட இல்லியே நைனா. இப்பதான் கஷ்டப்பட்டு போட்டோம். கொஞ்ச நேரம் கயிச்சி பாக்கலாம்" என்றான்.

எனக்குள் என்ன ஆனதென்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே போட்டேன்.

"பார்க்கலாம்னு சொல்லாதே! எந்திரி! அப்புறம் பார்க்கலாம், காலையில பார்க்கலாம்னு சொல்லித்தான் அவளைக் கொன்னேன். எந்திரிடா!"

அவனை நான் அதற்கு முன் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. காவலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சான் எழுந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். நான் பாத்திரங்களையும் போர்வைகளையும் வாரிக்கொண்டேன். காவலாளி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டார். மச்சான் டென்ட்டை மடிக்காமல் அப்படியே தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள, மூன்று பேரும் மேடேறினோம்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஓடை பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. வீணாகக் கத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு தண்ணீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நிறம் டீ மாதிரி மாறியது. மேலே எங்கேயோ லாரி வருவது போலச் சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்தண்ணீர் சுருட்டிக்கொண்டு வந்து, நாங்கள் சமைத்த அடுப்பின் மேல் ஏறியது. கல்லெல்லாம் புரண்டு போயிற்று. டென்ட் போட்ட இடத்தில் இடுப்பளவு தண்ணீர். இங்கே ஒரு சொட்டு மழையில்லை. காவலாளி, "ஒரு மணி நேரத்துல வடிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

நாங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளத்தைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"அத சொல்லிடலாம்னுதான் மாமா உன்ன இட்டாந்தேன். ஊட்ல வச்சி என்னால பேச முடியல."

"சொல்லுப்பா."

"எனுக்கு உன் மேல கோவம் கீது. நெறிய. அக்காவ நானே தூக்கி வண்டில போட்டுகினு போயிருக்கணும். மாமா சொல்லிட்டாரேன்னு வந்துட்டேன். வண்டி ஓட்டிகினு போறப்ப அதான் நெனப்பு வருது. உன்ன அடிக்கணும்னுகூட தோணிச்சி."

அவர்கள் பக்கத்தில் மாமனை 'நீ' என்றுதான் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று அந்த 'நீ' ஒவ்வொன்றும் என் மேல் வந்து விழுந்தது.

"அடிச்சிருக்கலாம்பா" என்றேன். "தப்பு என்னோடதுதான். அவ வாயுன்னு சொன்னா. நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு. மறுநாள் பென்ஷன் ஆபீஸ் போகணும், ராத்திரி அலையணுமேன்னு யோசிச்சேன். அதுதான் நெசம். யார்கிட்டயும் சொன்னதில்லை."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். மன்னித்துவிட்டேன் என்று சொல்வான் என நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டால், எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை.

"கோவம் போவாது மாமா. போவும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊட்ல நீ ஒண்டியா குந்திகினு கீற பாரு, அத நெனச்சா சோறு எறங்கல."

நான் அழுதேன். அவள் இறந்த அன்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லி, ஓடிக்கொண்டே இருந்ததில் அழவில்லை. பிறகு சேர்ந்து அழ யாருமில்லாததால் அழவில்லை. அவன் என்னைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பாறையை விட்டு எழுந்தும் போகவில்லை.

காவலாளி சொன்னபடியே தண்ணீர் வடிந்தது. அன்று மேட்டிலேயே தங்கிவிட்டு மறுநாள் திரும்பினோம். பட்டாபிராமில் என்னை இறக்கிவிட்டதும், வண்டியை ஓரங்கட்டி அவனும் இறங்கினான். உள்ளே வந்து சமையற்கட்டைப் பார்த்தான். "இன்னா மாமா, ஊட்ட இப்படி போட்டு வச்சிகினு கீற" என்று திட்டிக்கொண்டே, தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தான். நான் டீ போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். எல்லா ஞாயிறும் இல்லை. சில வாரம் வரமாட்டான், போனும் செய்யமாட்டான். நான் ஏன் என்று கேட்பதில்லை. அடுத்த வாரம் மீன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். சுத்தம் செய்வது அவன், குழம்பு நான்.