காருக்கு வைத்த சீல்

உங்கள் காரில் ஏ.சி.க்கு ஒரு குமிழ் இருக்கிறதல்லவா? ஒரு பக்கம் நீலக்கோடு, மறுபக்கம் சிவப்புக்கோடு. அந்தச் சிவப்புப் பக்கம் என்றைக்காவது திருப்பியிருக்கிறீர்களா?

தூத்துக்குடிக்காரர் என்றால் மாட்டீர்கள். எதற்குத் திருப்ப வேண்டும்? ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் மழை. மற்ற மாதமெல்லாம் வெயில். உப்பு விளைகிற ஊரில் ஓட்டுகிற காருக்கு எவன் ஹீட்டர் வைத்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் கார் வாங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். வேண்டாததை நம் தலையில் கட்டிவிட்டான் என்பது அவருடைய தீராத வருத்தம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் – துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையெல்லாம் முடித்து வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். நாள் முழுக்க கன்டெய்னரும் சீலும்தான். ஒரு கன்டெய்னருக்குச் சீல் வைத்தாயிற்று என்றால், உரிய ஆள் வந்து உடைக்கும் வரை யாரும் கை வைக்கக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தால்?

கொண்டுவந்தார். கார் வாங்கிய புதிதில் ஒருநாள் துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். லாரியில் மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. வீடு வந்து சேர்ந்தபோது டேஷ்போர்டில் விரலால் கோலம் போடலாம் போலக் கரி. அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்தவள் நான், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் ஆபீஸில் யாரோ வழி சொல்லிவிட்டார்கள். காருக்குள்ளேயே வளைந்து திரும்புகிற மாதிரி அம்பு போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று உள்ளே வராது, உள்ளே இருக்கிற காற்றே சுற்றும், தூசியும் கிடையாது, மீன் வாடையும் கிடையாது. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்களாம். இவர் அதோடு விட்டாரா? அமுக்கினார். பிறகு சரக்குப் பெட்டிக்கு ஒட்டுகிற பிரவுன் டேப்பை ஒரு துண்டு வெட்டி, பட்டனின் மேல் ஒட்டிவிட்டார். சீல்!

அன்றிலிருந்து அந்தப் பட்டனுக்கு ஆயுள்தண்டனை. கார் கழுவ வருபவர் தெரியாமல் டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பிவிட்டார் என்று ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழைய டேப் காய்ந்து போனால் புது டேப். இது என்ன பட்டன் என்று அவரே மறந்திருப்பார், ஒட்டுவதை மட்டும் மறக்கவில்லை.

சரி, போன மாத விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மகள் நிவேதாவுக்குப் பெங்களூரில் வேலை. முதல் வேலை. உண்மையில் நாங்கள் கிளம்பியதற்கு முந்தைய வாரமே அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது கரிநாள் என்று காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார் என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா. முதல் வேலையில் கரிநாளில் போய்ச் சேரலாமா என்று அவர் கேட்க, அக்கா பேச்சைத் தட்டாத தம்பி தலையாட்ட, பிள்ளை கம்பெனிக்கு ஏதோ காரணம் சொல்லித் தேதியைத் தள்ளி வாங்கினாள். இனிமேல் தள்ள முடியாது, புதிய தேதியில் மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். காலை விமானத்தை விட்டால் மதியத்துக்குள் போய்ச் சேர வழியே கிடையாது.

அந்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் மழை. சாதாரண மழையா? வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வாகைகுளம் விமான நிலையம் ஒன்றும் தொலைவில்லை. ஆனால் தெருவில் தண்ணீர். சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்றேன். கிளம்பினோமா? ஒருத்தரை வழியனுப்ப நாலு பேர் போகாவிட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வருமா? மதினியும் அவர் கணவரான அண்ணனும் நனைந்த குடையோடு வந்து பின்சீட்டில் ஏறினார்கள். மதினியின் மடியில், பெங்களூரில் கிடைக்காதென்று, ஒரு பெரிய பெட்டி நிறைய எங்கள் ஊர் இனிப்பு, மக்ரூன். அண்ணன் கையில் வழியில் சாப்பிடச் சுடச்சுட இட்லிப் பார்சல். அரை மணி நேரப் பயணத்தில் யார் இட்லி சாப்பிடப் போகிறார்கள்? கேட்டால் நான் கெட்டவள். நடுவில் நிவேதா, மடியில் லேப்டாப் பை.

ஐந்து பேர் மூச்சு. நனைந்த துணி. ஆவி பறக்கும் இட்லி. நான்கு கண்ணாடியும் ஏற்றியாயிற்று. வெளிக்காற்று வரும் ஒரே வழிக்குச் சீல்.

புதுக்கோட்டை (இது எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை) வருவதற்குள் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மதினிக்கு ஏ.சி. ஆகாது, குளிரில் நடுங்கித் தலைவலி வரும். அதனால் ஏற்கெனவே ஏ.சி.யை நிறுத்தியிருந்தார் வீட்டுக்காரர். போடுங்களேன் என்று நான் சொன்னதற்கு, "ஏளா, மழைக்கு எவனாவது ஏ.சி. போடுவானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்டுவிட்டு வைப்பரை வேகமாக வைத்தார். மங்கல் போகவில்லை. இன்னும் வேகமாக வைத்தார். உள்ளே படிகிற ஆவிக்கு வெளியே துடைத்தால் போகுமா? இதைச் சொன்னால் சண்டை வரும், நல்ல காரியத்துக்குப் போகும்போது சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். 

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். மதினி பின்னாலிருந்து எட்டி முந்தானையால் துடைத்தார். துடைத்த இடம் ஒரு நிமிஷம் தெளிந்து மறுபடியும் வெளுத்தது. கூடவே சேலையின் பஞ்சும் ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர்கள் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பார்கள் என்றார் அண்ணன். நடுச்சாலையில் உருளைக்கிழங்குக்கு எங்கே போவது? இல்லாவிட்டால் புகையிலை என்றார். வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். மழை சாய்வாக அடித்து, அவர் சட்டையையும் அண்ணனின் இட்லியையும் சேர்த்து நனைத்தது. ஏற்றினார். 

நான் பழைய செய்தித்தாளை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தேன். வாரந்தோறும் இதே தாளில்தான் எழுதுகிறேன், இவ்வளவு நேரடியாக அது யாருக்கும் பயன்பட்டதில்லை.

இத்தனை கூத்திலும் நிவேதா பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் யாராவது கேட்டோமா? அவளைத்தான் அனுப்ப வந்திருக்கிறோம், ஆனால் அவளுடைய பெட்டிக்குக் கொடுத்த கவனம்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை. போர்டிங் பாஸ் எடுத்தாயா, ஆதார் கார்டு இருக்கிறதா என்று அவளிடம் கேள்வி கேட்பதோடு சரி. பதில் கேட்கிற பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

வீட்டுக்காரர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து, துடைத்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டையும் மெல்ல மூடிக்கொண்டே வந்தது. ஓரமாக நிறுத்தலாம் என்றால் விமானம் போய்விடும். ஓட்டினால்... அதை நினைக்கக்கூடப் பயமாக இருந்தது.

"அப்பா, லாரி!"

பிரேக். அவர் மிதித்த மிதியில் மதினி மடியிலிருந்த மக்ரூன் பெட்டி முன்னால் பறந்து வந்து என் தோளில் மோதியது. விளக்கும் போடாமல் சாலையோரம் பாதி ஏறி நின்ற லாரி ஒன்று எங்கள் முகத்துக்கு நேரே இருந்தது. அதன் பின்பலகையில் இருந்த எழுத்தைக்கூட அப்போதுதான் பார்த்தோம். கார் இன்னும் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மதினி திருச்செந்தூர் முருகனை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். இவர்மேல், கரிநாள்மேல், இட்லிமேல், எல்லாவற்றின்மேலும்.

நிவேதா லேப்டாப் பையை அத்தை மடியில் வைத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து வந்தாள். நகத்தால் டேப்பைக் கீறி, ஒரே இழுப்பில் பிய்த்தாள். பட்டனை விடுவித்தாள். ஏ.சி.யைப் போட்டாள். காற்று கண்ணாடிப் பக்கம் போகிற மாதிரி இன்னொன்றைத் திருகினாள். கடைசியாக அந்தக் குமிழை... சிவப்புப் பக்கம் திருப்பினாள்.

அவர் காரில் ஒருத்தர் சீலை உடைக்கிறார். ஹீட்டரா, தூத்துக்குடியிலா என்று கேட்க அவர் வாயெடுத்ததைப் பார்த்தேன். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"ஏறுனதுலருந்து சொல்லிக்கிட்டே வாரேன். கேக்கீங்களாப்பா?"

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணாடியின் அடியில் ஒரு கோடு தெளிந்தது. அது மேலே மேலே ஏறியது. ஒரு இட்லி சாப்பிடுகிற நேரம்கூட ஆகவில்லை, சாலை முழுசாகத் தெரிந்தது. நிவேதாவுக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்தார்களாம் – ஈரக்காற்றை ஏ.சி. உலர்த்தும், சூடு ஆவியை விரட்டும், வெளிக்காற்றுக்கு வழி வேண்டும். இவ்வளவுதான். இதற்காகவா முந்தானை, உருளைக்கிழங்கு, செய்தித்தாள்?

வாகைகுளம் நெருங்கும்போது மதினி கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். இதமாக இருந்திருக்கிறது. அவருக்கு வந்ததே கோபம்.

"ஏலே, இம்புட்டு இதமான காத்தக் காருக்குள்ளேயே வச்சுக்கிட்டா என்னைய இத்தன வருசம் குளிர்ல நடுங்க வச்ச?"

தம்பி வைப்பரை இன்னும் ஒரு படி வேகமாக வைத்தார்.

விமானம் கிடைத்தது. மழையால் அதுவும் தாமதமாம். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தது இதற்குத்தான். உள்ளே போவதற்கு முன் நிவேதா திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். வீட்டுக்காரர் அசைக்கவில்லை, டிக்கியைச் சரியாக மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து நானே கையசைத்தேன்.

யோசித்தால், அந்த டேப் ஒட்டிய நாளில் தப்பே இல்லை. கரி வந்தது, அடைத்தார். ஆனால் வெயிலுக்குச் சரியாக இருந்ததை மழைக்கும் சரி என்று வைத்துக்கொண்டதுதான் வினை. வீட்டில் இப்படி எத்தனை டேப் ஒட்டியிருக்கிறோம்... அக்கா பேச்சு, கரிநாள், பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிற நினைப்பு. ஒட்டும்போது காரணம் இருந்திருக்கும். பிய்க்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

மனுஷன் திருந்திவிட்டார் என்று நம்பித்தான் போன வாரம் காரில் ஏறினேன். மழை விட்டு, நல்ல வெயில். புழுக்கம் தாங்காமல் ஏ.சி.யைப் போடச் சொன்னேன். கண்ணாடியில் பட்டு முகத்தில் அனல் அடித்தது! கூடவே பொடிப்பொடியாகக் கரி. என்னவென்று குனிந்து பார்த்தேன்.

புது பிரவுன் டேப். குமிழ் சிவப்புப் பக்கம், அப்படியே ஒட்டியிருந்தது. அம்புப் பட்டனும் காற்றைத் திருப்பும் திருகும், அவள் எப்படி விட்டுவிட்டுப் போனாளோ அப்படியே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிய்த்து எறியத்தான் கையை நீட்டினேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்:

"தொடாத. பிள்ள வச்சுட்டுப் போனது."

பொங்கலுக்கு வருகிறாள். உரிய ஆள் வந்து சீலை உடைக்கும்வரை வேர்த்துக்கொண்டுதான் போகவேண்டும்.