பலகையில் இருக்கும் பெயர்

பௌர்ணமி முடிந்த மறுநாள், அடி அண்ணாமலையில் மேகம் தரையிறங்கியது போலிருக்கும். இருசப்பனின் சலவைக்கூடத்துக் கொடிகளில் நானூறு வெள்ளை விரிப்புகள் காயும். காற்று தூக்கினால் மலை தெரியும், விழுந்தால் மறைந்துவிடும். அவற்றின் நடுவே போகும்போது நடக்கிறோமா மிதக்கிறோமா என்று இருசப்பனுக்கே தெரியாது.

வாசலில் பலகை: ‘உரிமையாளர் க. இருசப்பன்.’ எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆடுகளை விற்ற எழுபதாயிரத்தைப் போட்டு மூன்று வருடங்களுக்கு முன் இதைத் தொடங்கினார். இயந்திரங்களுக்கான பெரும்பணத்தைக் கடனாகத் தந்தது செங்கம் சாலையில் விடுதிகள் நடத்தும் கம்பெனி. விரிப்புகளும் அங்கிருந்துதான் வரும். கல்யாண வீடுகளில் ‘லாண்டரி ஓனர்’ என்று அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. தங்கை கீதாஞ்சலி சி.ஏ. தேறி, அதே விடுதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். ஒவ்வொரு தாளிலும் அவள் வாங்கிய மார்க் டீக்கடைக்காரருக்கு மனப்பாடம்.

அன்று அவள் வேலையாகவே வந்தாள். கம்பெனியின் தலைமை அமெரிக்காவில் இருக்கிறது. தங்களுக்குப் பங்கு ஒன்றுகூட இல்லாத இந்தச் சலவைக்கூடத்தையும் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். சொந்த அண்ணன் என்பதால் கேள்வி கேட்பது அவளோடு வந்த மேலாளர் சுரேஷ்குமார். எழுதுவது மட்டும் அவள். கடைசியில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

முந்தின நாளே விடுதிக் கம்பெனியின் உள்ளூர்த் தலைவர் சக்கரபாணி போன் செய்திருந்தார். “இருசப்பா, எல்லாம் உன் முடிவுதான்னு சொல்லிடு. உன் நஷ்டம் எங்க கணக்குல ஏறிச்சுன்னா, அப்பறம் நீ இன்னா ஓனரு?”

“உட்காருங்க. மூணு கேள்விதான்” என்றாள் கீதாஞ்சலி.

“இன்னா கீதா, எனக்கே ‘ங்க’வா?”

“ஆபீஸ் வேலை அண்ணா. சும்மா இருங்க.”

சுரேஷ்குமார் கேட்டார். “துவைக்கிற ரேட்டை யார் வைக்கிறாங்க? நஷ்டம் வந்தா யார் கட்டுறாங்க? வேற ஓட்டல் ஆர்டர் எடுக்கணும்னா யார் முடிவு?”

இருசப்பன் பலகையைப் பார்த்தார். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெயர் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். ஆனால் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே தங்கையின் பேனா அசையாமல் நின்றது. தான் சொல்வது பொய் என்றாலும் அதன் அடியில் அவள் கையெழுத்து விழும். எந்தப் பேனாவால் பரீட்சை எழுதினாளோ அதே பேனா.

அலமாரியிலிருந்து அட்டை போட்ட நோட்டை எடுத்து வந்தார். மஞ்சள் கறை எத்தனை, குங்குமக் கறை எத்தனை என்பதிலிருந்து எல்லாமே அதில் இருக்கும்.

“ஜூன் ஏழு, மணி பதினொன்னு இருபது. ரேட் ஏத்தலாமான்னு கேட்டேன். வேணாம்னு சொன்னது சக்கரபாணி சார். ஆகஸ்ட் ரெண்டு, பாய்லர் ரிப்பேர், அந்த மாச நஷ்டம், ரெண்டும் கம்பெனி கட்டினது. அக்டோபர் அஞ்சு, புது ஓட்டல் ஆர்டர். எடுக்கக் கூடாது, சக்கரபாணி சார்.”

சுரேஷ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அப்ப நீங்க இன்னாதான் சார் முடிவு பண்ணுவீங்க?”

“சொட்டு நீலம் ஜாஸ்தியா கம்மியான்னு.”

கீதாஞ்சலியும் சிரித்துவிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “பங்கு பூரா உங்க பேர்லதான். ஆனா உங்க பணத்தால மட்டும் இது நிக்காது. முடிவும் எங்களோடது, நஷ்டத்தைத் தாங்குறதும் நாங்க. அதனால எங்க கணக்குல சேர்த்துத்தான் காட்டணும்.”

“பலகையைக் கழட்டிடணுமா?”

“எதுக்குண்ணா? பங்கு உன்னுதுதான். உன் பங்கை எங்க கணக்குல தனி வரியா காட்டுவோம். அதை எங்களுதுன்னு சொல்ல முடியாது.” அவளையறியாமல் ‘ங்க’ போயிருந்தது.

இருவரும் கையெழுத்திட்டுக் கிளம்பினார்கள். விரிப்புகளின் நடுவே தங்கை தெரிந்தும் மறைந்தும் நடந்து போனாள். இருசப்பன் மணி பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: ‘பன்னிரண்டு பத்து. உள்ளதைச் சொன்னது.’ வழக்கமாகச் சக்கரபாணி சாரின் பெயரை எழுதும் இடத்தில் சற்றுத் தயங்கி, ‘இருசப்பன்’ என்று எழுதினார்.